சாய்ந்த புகைபோக்கியும் சாயாத நேர்மையும்



நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். சென்ற இடத்தில் வாடகை வீட்டில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு சொந்தமாக ஒரு வீடு வாங்க முற்படும் நாளில், ஊரிலுள்ள பெரியவர்களைத்தான் அவர்கள் முதலில் தொலைபேசியில் அழைக்கிறார்கள். துஆவும் கேட்கிறார்கள், ஆலோசனையும் கேட்கிறார்கள். துஆச் செய்ய நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்நாட்டு வீட்டின் அமைப்பையே அறியாமல் என்ன ஆலோசனையைச் சொல்வது? இங்கிலாந்தில் பழைய வீடொன்றை வாங்க எண்ணுவோர் வாசற்படியை மிதிக்கும் முன்பே அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அது கூரைக்கு மேல் நிற்கும் புகைபோக்கி. இம்மாதம் அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

பொதுப்பணித் துறையில் செங்கல்லோடும் சாந்தோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். எனினும் இவ்விஷயத்தில் எனக்குப் பாடம் கற்பித்தவர் ஓர் இளம் பெண்மணி. 2023ஆம் ஆண்டுக் கோடையில் லெஸ்டர் நகரில் வசிக்கும் என் தங்கை மகனின் இல்லத்தில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அப்போது அவர்கள் வீடு தேடிக்கொண்டிருந்தனர். பல வீடுகளைப் பார்த்துச் சலித்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட ஒரு வரிசை வீடு மனத்துக்குப் பிடித்துப் போயிற்று. பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம். குழந்தைகளின் பள்ளிக்கூடமும் அருகில். உள்ளே புத்தம் புதிய வர்ணம், புதிய அடுக்களை. மாடியறைகள் அந்தத் தெருவின் மற்ற வீடுகளில் கண்டவற்றைவிட விசாலமாகத் தோன்றின. மருமகனும் நானும் சுவரைத் தட்டிப் பார்த்தோம். தரையை மிதித்துப் பார்த்தோம். திருப்தியோடு வெளியே வந்தோம்.

அவர் மனைவியோ, அழுத கைக்குழந்தையைச் சமாதானப்படுத்தியவாறு தெருவின் எதிர்ப்புறத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "மாமா, இந்த வீட்டுப் புகைபோக்கி மட்டும் மற்றவற்றைப் போல நிமிர்ந்து நிற்கவில்லையே, பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். உண்மைதான். செங்கற்களால் கட்டப்பட்ட அந்தப் புகைபோக்கி, நாங்கள் வாங்க எண்ணிய வீட்டின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. உடனிருந்த வீட்டுத் தரகர் புன்னகையோடு, "நூறு ஆண்டுகளாக இப்படித்தான் நிற்கிறது, இன்னும் நூறாண்டு நிற்கும்" என்று கூறினார். அந்தப் பெண் விடவில்லை. "நூறு ஆண்டுகளாக இதே அளவுதான் சாய்ந்திருக்கிறது என்பதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். தரகரிடம் பதில் இல்லை.

புகைபோக்கி ஏன் சாய்கிறது?

அந்நாட்டின் பழைய வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு அடுப்பு இருந்தது. குளிருக்கு அதில் நிலக்கரி எரிப்பார்கள். அடுப்பைச் சுற்றி அறைக்குள் துருத்திக்கொண்டு ஒரு தடித்த சுவர் எழும்பும். அதற்குள் புகைக்குழல் ஓடும். கீழ்த்தளம், மாடி, பரண் ஆகியவற்றைக் கடந்து குழல்கள் எல்லாம் ஒன்றுகூடிக் கூரைக்கு மேல் ஒரே கட்டாக வெளிவரும். வரிசை வீடுகளில் இக்கட்டு இரு வீடுகளுக்கும் இடையேயான பொதுச்சுவரின் மேல் அமைந்திருக்கும். பாதி நம்முடையது, பாதி அண்டை வீட்டாருடையது. இச்செய்தியை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் பேசவிருக்கும் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் மாநகரை ஐந்து நாட்கள் மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாக வடகடல் எரிவாயு வழங்கப்பட்டது. கரியடுப்புகள் படிப்படியாக அணைந்தன. ஆனால் புகைபோக்கிகள் கூரைமேல் அப்படியே நின்றன. பயனற்றதை யார் பராமரிப்பார்? மழையும் பனியும் காற்றும் அவற்றைத் தின்னத் தொடங்கின.

சாய்வுக்குரிய காரணங்களில் முதன்மையானது கந்தகம். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் குழலின் உட்சுவரில் ஈரத்தோடு சேர்ந்து உப்பாகப் படிகிறது. சாந்தில் சிமெண்டோ நீரில் இறுகும் சுண்ணாம்போ இருக்குமாயின், அந்த உப்பு அதிலுள்ள அலுமினேட் என்னும் சேர்மத்தோடு வினைபுரிந்து பருத்துவிடுகிறது. இதற்கு ஈரம் வேண்டும். ஆகவே மழைக்காற்று அறையும் பக்கத்தில் சாந்து அதிகமாகப் பருக்கிறது. மறுபக்கத்தில் குறைவாகப் பருக்கிறது. ஒரு பக்கத்து வரிகள் ஒவ்வொன்றும் இம்மியளவு உயர, கட்டு முழுவதும் எதிர்ப்பக்கமாக வளைகிறது. அடுப்பணைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்பும், படிந்த உப்பு அகலாது; மழை பெய்யும்போதெல்லாம் வேலையைத் தொடர்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. சாந்து உதிர்ந்து செங்கற்களுக்கிடையே பிடிப்பின்றிப் போதல். ஈரம் உறைந்து கல் வெடித்தல். தொலைக்காட்சி ஏரியலைக் கட்டிக் காற்றின் இழுப்பை அதிகமாக்குதல். அடித்தளமே இறங்கி வீடு முழுவதும் சாய்தல் ஆகியன அவற்றுட் சில. எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்றுண்டு. அறையை விசாலமாக்கும் பொருட்டு, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் கணப்புச் சுவரை இடித்துவிட்டு, மேலே நிற்கும் பாரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டுவிடுதல்! கால்களை வெட்டிவிட்டுத் தலைச்சுமையை மட்டும் அப்படியே விட்டுவைப்பது போன்றது இது.

கண்ணால் காணக்கூடியவை

வீட்டைப் பார்க்கப் போகும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் தாமே செய்யக்கூடிய சோதனைகள் சிலவற்றைக் கூறுகிறேன்.

தெருவின் எதிர்ப்புறம் சென்று நில்லுங்கள். நூலில் ஒரு சிறு கனத்தைக் கட்டி, கையை நீட்டித் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, அந்நூலோடு புகைபோக்கியின் விளிம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு திசையிலிருந்து மட்டும் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும். முன்புறத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். புகைபோக்கி மட்டும் சாய்ந்திருக்கிறதா, வீட்டுச் சுவரும் சேர்ந்தே சாய்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள்.

தொலைநோக்கி ஒன்று கிடைக்குமாயின் இன்னும் நல்லது. செங்கல் வரிகளுக்கிடையே படுக்கை வாட்டில் பிளவுகள் ஓடுகின்றனவா? சாந்து உதிர்ந்த குழிகளில் செடி முளைத்திருக்கிறதா? உச்சியிலுள்ள மண்குழாய்களைச் சுற்றிய பூச்சு வெடித்திருக்கிறதா? கூரையோடு சேருமிடத்தில் ஈயத்தகடு பெயர்ந்து நிற்கிறதா?

பின்னர் உள்ளே வாருங்கள். கணப்புச் சுவர் எந்தெந்த அறையில் இருக்கிறது, எந்த அறையில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரைமேல் புகைபோக்கி இருந்து, அதன் நேர் கீழே அறையில் சுவர் இல்லையாயின், "இதைத் தாங்குவது எது?" என்ற கேள்வியை உடனே கேளுங்கள். பரணில் ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால் விடை அங்கே கிடைக்கும்.

நாங்கள் வியந்த மாடியறைகளின் விசாலம் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்டை வீடுகளில் சுவர் துருத்திக்கொண்டிருந்த இடமெல்லாம் இந்த வீட்டில் வழவழப்பாக இருந்தது. அனுபவசாலியான நான் அதைப் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறேன்!

யாரை அழைப்பது?

இங்கே பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்றுண்டு. கடன் கொடுக்கும் வங்கி வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய முறையில் இயங்கும் நிதி நிறுவனத்தின் வழியாக வாங்குவோருக்கும் இதே ஏற்பாடுதான். அவர் வந்து பார்த்துவிட்டார் என்றதும், வீடு சோதிக்கப்பட்டுவிட்டது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. கொடுத்த பணத்துக்கு வீடு ஈடாகுமா என்று பார்ப்பதே அவர் பணி. வாங்குபவருக்காகப் பார்ப்பவர் வேறு. அவருக்கு வாங்குபவரே கட்டணம் செலுத்த வேண்டும்.

1868இல் நிறுவப்பட்ட ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ் என்ற அமைப்பின் உறுப்பினர்கள் மூன்று நிலைகளில் வீட்டு ஆய்வறிக்கை தருகின்றனர். பழைய வீட்டுக்கும், மாற்றிக் கட்டப்பட்ட வீட்டுக்கும் மூன்றாம் நிலை ஆய்வே ஏற்றது. குறைகளை 1, 2, 3 என வகைப்படுத்துவார்கள். 3 என்றால் அவசரம். ஆயினும் அவர்கள் கூரைமேல் ஏறுவதில்லை. மூன்று மீட்டர் ஏணிக்கு எட்டாதவற்றைத் தரையிலிருந்தே பார்க்கின்றனர். ஆகவே சாய்வைப் பற்றி ஐயம் எழுந்தால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தனி அறிக்கை பெறுவதே முறை. ஸ்காட்லாந்தின் வழக்கம் வேறு: 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பவரே ஆய்வறிக்கையை ஆயத்தம் செய்து வாங்க வருவோருக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் மருமகன் இரண்டு ஆய்வுகளையும் செய்வித்தார். பொறியாளர் அளந்து கூறிய செய்தி எங்களைத் திடுக்கிட வைத்தது. கூரைக்கு மேலே செங்கற்கட்டின் உயரம் 1.8 மீட்டர். 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் சாய்ந்தால் இடித்துக் கட்டுவதைப் பற்றி எண்ண வேண்டும் என்பது கட்டுமானத் துறையினர் கைக்கொள்ளும் ஓர் அளவுகோல். அதன்படி இதற்கு 18 மில்லிமீட்டரே எல்லை. இருந்ததோ 45.

உயரத்துக்கும் ஒரு விதி உண்டு. கட்டட விதிகளுக்கான வழிகாட்டி நூலின்படி, புகைபோக்கியின் உயரம் அதன் குறுகிய பக்க அகலத்தைப் போல் நாலரை மடங்குக்கு மேற்படலாகாது. இதன் குறுகிய பக்கம் 450 மில்லிமீட்டர். மண்குழாயையும் சேர்த்து 2 மீட்டர் வரை உயரலாம். அந்த வகையில் குறையில்லை.

குறை பரணில் இருந்தது. நாங்கள் எண்ணியது போலவே, இந்த வீட்டின் பக்கத்திலிருந்த கணப்புச் சுவர் கீழிருந்து மாடி வரை இடித்து அகற்றப்பட்டிருந்தது. பரணில் எஞ்சிய செங்கற்கட்டு, மாடியறைகளின் கூரைப்பலகையைத் தாங்குவதற்காகப் போடப்பட்ட மரச்சட்டங்களின் மேல் அமர்ந்திருந்தது. அவை ஏற்கெனவே நடுவில் தொய்ந்திருந்தன. இரும்பு உத்திரமோ தாங்கியோ இல்லை. ஒரு கன மீட்டர் செங்கற்கட்டு ஏறத்தாழ 1,900 கிலோ கனக்கும். புகைக்குழல்களின் வெற்றிடத்தைக் கழித்துவிட்டாலும், கூரைக்கு மேலும் பரணிலுமாக நின்ற பாரம் ஒரு டன்னுக்குக் குறையாது என்றார் பொறியாளர். அண்டை வீட்டுப் பக்கத்தில் கால் உறுதியாக இருக்க, இந்தப் பக்கத்தில் கால் இல்லாததால், புகைபோக்கி இந்தப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

விலகிவிடலாமா?

மருமகன் மனமுடைந்து போனார். "மாமா, ஆய்வுக்குக் கொடுத்த பணம் போகட்டும். இந்த வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்போம்" என்றார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. இங்கிலாந்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தப் பத்திரங்களை மாற்றிக்கொள்ளும் நாள் வரை இருவருக்கும் கட்டுப்பாடு இல்லை. காரணம் சொல்லாமலே விலகிவிடலாம்.

அப்போதும் அவர் மனைவிதான் பேசினார். "நாம் விலகிவிட்டால் நமக்குப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தீர்ந்ததா?"

அண்டை வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். நாங்கள் வீடு பார்க்கச் சென்ற நாளில் தம் வாசலில் நின்று குழந்தைக்கு ஒரு பிஸ்கட் தந்தவர். அவர் உறங்கும் அறை அந்தப் புகைபோக்கியின் நேர் கீழே இருக்கிறது. அதோடு, அவர் தம் முன்னறையில் எரிவாயுக் கணப்பு வைத்திருக்கிறார். அதன் புகை அந்தச் சாய்ந்த கட்டின் வழியாகவே வெளியேறுகிறது. கட்டு வெடித்துக் குழல் அடைபட்டாலோ, விவரம் அறியாத எவரேனும் குழலை மூடிவிட்டாலோ, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கிவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

அன்பர்களே, ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நாம் வாங்காத ஒரு வீட்டின் குறை நம் கையில் எழுத்து வடிவில் இருக்கிறது. அதனால் ஓர் அண்டை வீட்டாருக்கு ஆபத்து என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வந்துவிடும் உரிமை நமக்கு இருக்கிறதா?

வணிகத்தில் குறையை மறைப்பது பற்றி நம் மார்க்கம் மௌனமாக இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியை விசாரித்ததையும், மழையில் நனைந்ததென்று அவர் கூற, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று கண்டித்ததையும் நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமையை 'கியாருல் அய்ப்' என்று நம் சட்டநூல்கள் தனியாகவே பேசுகின்றன. ஆங்கிலச் சட்டத்தின் பழைய நெறியோ, வீட்டின் பௌதிகக் குறைகளை வாங்குபவரே தேடிக் கண்டுகொள்ள வேண்டும் என்பது. எனினும் விற்பவர் கேட்ட கேள்விக்குப் பொய்யான விடை தந்து அதை நம்பி வாங்கியிருந்தால், 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம். ஆகவே கேட்க வேண்டியதை வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். "கணப்புச் சுவர் இடிக்கப்பட்டதா? கவுன்சிலின் கட்டட ஒப்புதல் சான்று உண்டா?" என்ற இரு கேள்விகள் போதும்.

விற்பவரை நான் குற்றவாளியாகக் கருதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடமிருந்து அவ்வீட்டை வாங்கியவர் அவர். அவரும் ஆய்வு செய்யாமல் வாங்கியிருக்கிறார். சுவரை இடித்தது யார் என்று அவருக்கே தெரியாது. குறை ஒரு கையிலிருந்து மறு கைக்கு, வர்ணம் பூசப்பட்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எவராவது ஒருவர் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

மருமகன் முதலில் விற்பவரைச் சந்தித்து அறிக்கையைக் காட்டினார். தரகர், "இது நம்மோடு இருக்கட்டும்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஒரு வாரம் பொறுக்கிறேன். அதற்குள் நீங்களே பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள், இல்லையேல் நான் சொல்வேன்" என்று மருமகன் கூறிவிட்டார். விற்பவர் மூன்றாம் நாளே மூதாட்டியின் கதவைத் தட்டினார். பணி முடியும் வரை அவர் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினார்கள். எரிவாயுக் கணப்பையும் அணைத்து வைத்தார்கள்.

திருத்தும் வழிகள்

சாய்ந்த புகைபோக்கி என்றதும் வீட்டைக் கைவிட்டு ஓட வேண்டியதில்லை. காரணம் அறிந்தால் வழி உண்டு. சாந்து மட்டும் உதிர்ந்து, சாய்வு சிறிதாயின், வரிகளைத் துலக்கி மீண்டும் பூசினால் போதும்; பழைய மெத்தென்ற செங்கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது, கடினமான சிமெண்டு கல்லை அரித்துவிடும். சில இடங்களில் இரும்புக் கம்பியால் கூரையோடு பிணைத்து நிறுத்துவர். பயன்பாட்டில் இல்லாததாயின் கூரைக்குக் கீழே இறக்கி மூடிவிடலாம். எஞ்சிய குழலில் ஈரம் தங்காதிருக்கக் காற்றுத் துளை விட வேண்டும். சாய்வு மிகுந்ததாயின் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். எதைச் செய்தாலும் செலவில் பெரும்பங்கு சாரம் கட்டுவதற்கே போய்விடும். எனவே சாரம் நிற்கும்போதே ஈயத்தகடு, உடைந்த ஓடுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் குழலையும் மூடுமுன், அதில் எரிவாயுச் சாதனம் இணைந்துள்ளதா என்பதைப் பதிவு பெற்ற எரிவாயுப் பணியாளர் மூலம் உறுதி செய்யுங்கள். நம் வீட்டை மட்டுமல்ல, அண்டை வீட்டையும் சோதிக்க வேண்டும். குழலுக்குள் பறவைகள் கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்து போகும் வரை காத்திருங்கள். பயன்பாட்டிலுள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

பொதுச்சுவரின் மேலுள்ள கட்டில் கை வைக்க, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம் பொருந்தும். பணி தொடங்க இரண்டு மாதங்களுக்கு முன் அண்டை வீட்டாருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் அவர் எழுத்தில் இசைவு தராவிடில் தகராறு எனக் கொள்ளப்பட்டு, சர்வேயர்கள் தீர்ப்பளிப்பார்கள். விழும் ஆபத்து உடனடியாக இருந்தாலோ, 1984ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின்படி கவுன்சிலே தலையிட்டு, செலவை உரிமையாளரிடம் வசூலிக்க முடியும்.

பணத்துக்கு மூன்று வழிகள். விலையைக் குறைக்கச் சொல்லலாம். விற்பவரே பழுதைச் சீர்செய்து தரும்படி கேட்கலாம். அல்லது பணி முடியும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கலாம். இம்மூன்றும் ஒப்பந்தம் மாறுமுன் மட்டுமே கைகூடும். பின்னர் காப்பீட்டை நம்பிப் பயனில்லை; நாட்பட்டுச் சிதைந்ததற்குக் காப்பீடு நிறுவனங்கள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை.

முடிவு

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்தவற்றைத் தொலைபேசியில்தான் கேட்டறிந்தேன். விற்பவர் செலவில் பாதியை ஏற்றார். மீதியை மருமகன் ஏற்றார். மூதாட்டி அறிவிப்புக் கிடைத்த இரண்டாம் நாளே கையொப்பமிட்டுத் தந்தாராம். கூரை வரை பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். பரணில் இரும்பு உத்திரம் ஏற்றினார்கள். மூதாட்டியின் குழலைச் சோதித்து, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் அவர் அறையில் பொருத்தினார்கள். இவற்றுக்கெல்லாம் ஐந்து மாதங்கள் பிடித்தன. அதுவரை வாடகையும் கொடுத்து, செலவில் பாதியையும் சுமந்ததால், அவ்வாண்டு ஊருக்கு வரவிருந்த பயணத்தை அவர்கள் தள்ளிவைத்தனர். பேரப்பிள்ளைகளைக் காணக் காத்திருந்த என் தங்கைக்கு அது வருத்தம்தான். காரணத்தைக் கேட்டபின் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பழுதுபார்த்ததற்கான கணக்குச்சீட்டு, பொறியாளர் அறிக்கை, கவுன்சிலின் சான்று, பிரிக்கும்போதும் கட்டும்போதும் எடுத்த புகைப்படங்கள் ஆகிய அனைத்தையும் மருமகள் ஒரு கோப்பில் இட்டு வைத்திருக்கிறார். "எதற்கம்மா இத்தனை காகிதம்?" என்று கேட்டேன். "நாளை இந்த வீட்டை நம்மிடமிருந்து வாங்குபவருக்கு, மாமா" என்றார்.

வீடு வாங்கப் புறப்படும் உங்கள் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வஸ்ஸலாம்.